ஊரே பாடநூல்

சமூக அறிவியல் வகுப்பில் மாணவர் கவனம் சிதற முக்கியக் காரணம், பாடம் பெயர்களும் ஆண்டுகளும் நிறைந்த பட்டியலாக வந்து சேர்வதே. பள்ளிக் கல்வி வெளி வாழ்க்கையோடு இணைய வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு வலியுறுத்தியது.

வடசென்னையின் தண்டையார்பேட்டைப் பள்ளிகளுக்கு அதற்கான சான்றுகள் அருகிலேயே உள்ளன. ரயில்வே வரலாற்றுக்கு, 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் நிலையம். முதல் உலகப் போருக்கு, 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பலின் குண்டுகளால் எரிந்த துறைமுக எண்ணெய்த் தொட்டிகள். நீர்வழிக்கு, பக்கிங்காம் கால்வாய். சுற்றுச்சூழலுக்கு, 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதியதால் கடலில் பரவிய எண்ணெய்.

பாடத்தைக் கேள்வியில் தொடங்குவது நல்லது. சென்னையின் முதல் ரயில் நிலையம் ராயபுரத்தில் அமைந்தது ஏன்? புனித ஜார்ஜ் கோட்டை, கடற்கரை, வணிகர்கள் வாழ்ந்த ஜார்ஜ் டவுன் ஆகியவற்றை வரைபடத்தில் குறிக்கும் மாணவர் விடையைத் தாமே நெருங்குவார்.

ஒரு பாடவேளையைக் கேட்டல், வரைதல், பேசுதல் எனச் சிறு பகுதிகளாகப் பிரிக்கலாம். கவனம் விரைவில் கலையும் மாணவருக்கு வரைபடம் ஒட்டுவது, கருத்துகளைக் கரும்பலகையில் தொகுப்பது போன்ற பொறுப்புகளைத் தரலாம். துறைமுகத்திலும் மீன்பிடித் தொழிலிலும் உழைத்த வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவருவது வீட்டுப்பாடமாகலாம். மதிப்பீட்டில் மனப்பாடத்தோடு இந்தத் தேடலுக்கும் மதிப்பெண் இருந்தால் ஈடுபாடு நிலைக்கும்.