பின்னிய பையும் பெயரில்லாக் கையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழா உரையின் எழுத்து வடிவம்)



ஆடிக் கிருத்திகை நாளில் தணிகை மலையின் 365 படிகளிலும் மலர்க் காவடிகள் ஏறுகின்றன. காவடி சுமப்பவரைக் கண்டு கைகூப்பும் கண்கள், அவர் பின்னே பை சுமந்து வரும் தாயையோ தங்கையையோ காண்பதில்லை. தேங்காயும் கற்பூரமும் மாற்றுத் துணியும் குழந்தையின் பால்புட்டியும் அந்தப் பைக்குள்தான் இருக்கின்றன. பை எளிய பொருள். ஆயினும், ஒருவர் தம் கையால் பின்னி மற்றொருவருக்கு அன்பளிப்பாகத் தரும் பை எளிய பொருளன்று. அதுவே இவ்வுரையின் கருத்து.

தமிழிலக்கியத்துக்குப் பை புதியதன்று. மலைபடுகடாத்தின் தொடக்கத்திலேயே கூத்தரின் கலப்பை கண்முன் வருகிறது. அது உழும் கலப்பை அன்று. இசைக்கலங்கள் இட்ட பை. முழவும் ஆகுளியும் பாண்டிலும் தூம்பும் அடங்கிய அப்பைகள், கொத்தாகத் தொங்கும் பலாக்காய்களுக்கு உவமிக்கப்படுகின்றன. நற்றிணையின் 142ஆம் பாட்டில், பால் விற்கும் இடையன் உறியையும் தீக்கடைகோலையும் கலப்பையையும் தோலில் சுருட்டி, ஓலைப் பறியோடு முதுகில் இட்டு, மழைத் துவலையில் நிற்கிறான். உறியை முடிந்தவர் யார், பையைத் தைத்தவர் யார் என்று பாட்டு கூறவில்லை.

கூறாமை ஒருபுறம் இருக்க, கடன்பட்டமை மறுபுறம் உண்டு. நூல் என்னும் சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிக்கிறது. நன்னூற் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும், பனுவலை இழையாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும், புலவனையே நூற்கும் பெண்ணாகவும் உருவகிக்கிறது. நற்றிணை 353ஆம் பாட்டிலோ, ஆண் துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூல், மலைமுகட்டில் தவழும் மழைமேகத்துக்கு உவமையாகிறது. புலவன் தன் தொழிலுக்கு ஒப்புமை தேடிப் பெண்ணின் கையிடம் சென்றான். உவமை பெற்றவன் பெயர் ஏட்டில் நின்றது. உவமை தந்தவள் பெயர் நிற்கவில்லை.

கைவேலையின் நுட்பத்துக்குக் கம்பளிப் பை நல்ல சான்று. பட்டாலும் மயிராலும் பருத்தி நூலாலும் தொழில் செய்த காருகரைச் சிலப்பதிகாரம் புகார் நகரில் காட்டுகிறது. தெலங்கானத்தில் ஆட்டுமயிரால் நெய்யும் கொங்கடி என்னும் கருங்கம்பளிக்குப் புளியங்கொட்டைப் பசையேற்றுவர். காசுமீரத்தில் தறியே இல்லாமல், மயிரைப் பரப்பி, சோப்பு நீர் தெளித்து, உருட்டி அழுத்தி நம்தா விரிப்புகளைச் செய்வர்.

இத்தகைய இறுக்கத்தைப் பின்னிய பைக்கும் தரலாம். கம்பளி நூலை ஊசிகளால் தளர்வாகப் பின்னி, வெந்நீரில் சோப்பிட்டுக் கசக்குவர். ஆட்டுமயிரின் மேல் கண்ணுக்குப் புலனாகாத செதில்கள் உள்ளன. வெப்பமும் ஈரமும் உராய்வும் கூடும்போது அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. கண்ணிகள் மறைகின்றன, துணி தடிக்கிறது, வெட்டினாலும் இழை பிரிவதில்லை. செயற்கை இழைக்கு இந்த இயல்பு இல்லை. சுருங்கிய கம்பளி மீண்டும் விரியாது. ஆதலின், பின்னுபவர் வேண்டிய அளவினும் பெரிதாகவே பின்ன வேண்டும்; முன்னதாகச் சிறு துண்டொன்றைப் பின்னிச் சுருக்கி அளந்து பார்த்தல் நலம். இருபது வரி எழுதி எட்டு வரியாக இறுக்கும் கவிஞருக்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை.

வெயில் மிகுந்த தணிகைக்குக் கம்பளி ஒவ்வாது. இங்கே அந்த இடத்தைப் பெற்றது வயர் கூடை. திண்ணையில் அமர்ந்து, பகல் உணவுக்குப் பின் கிடைக்கும் சிறு ஓய்வில் பெண்கள் அதைப் பின்னினர். சாதா முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என முடிச்சுகளுக்கே அழகிய பெயர்கள் அமைந்தன. வயரை அளந்து வெட்டி, அடிப்பாகம் போட்டு, சுற்றுச் சுற்றாக உயர்த்தி, கைப்பிடி முறுக்கி முடிக்கும்போது விரல் நுனிகள் சிவந்துவிடும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மாநில எல்லை மாறியது. பெண் கொடுத்தும் எடுத்தும் வந்த உறவு மாறவில்லை. இங்கே பை என்பது நகரியிலும் புத்தூரிலும் சஞ்சி ஆகிறது. அன்பளிப்புக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

ஒன்று எண்ணிப் பார்க்கத் தக்கது. வயரும் பிளாஸ்டிக்கே, கடையில் தந்த மெல்லிய பையும் பிளாஸ்டிக்கே. ஒருமுறை பயன்படுத்தி எறியும் அந்தப் பைக்குத் தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் தடை விதித்தது; 2021 திசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கியது. வயர் கூடையோ ஒரு தலைமுறை கடந்தும் பரணிலிருந்து இறங்கி அங்காடிக்குப் போகிறது. கை பட்ட பொருளை எறிய மனம் வருவதில்லை. அத்தை பின்னியது, பெரியம்மா கொடுத்தது என்ற நினைவு அதன் கைப்பிடியில் இருக்கிறது.

இலக்கிய அமைப்புகள் விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவது நெடுநாள் வழக்கம். மேடையில் மின்னும் அவ்வாடை பெரும்பாலும் பெட்டிக்குள் மடிந்து கிடக்கிறது. அதற்கு மாற்றாக, உள்ளூர்ப் பெண் ஒருவர் பின்னிய கூடையோ தைத்த பையோ தரப்படுமானால், அது நாள்தோறும் நூல்களைச் சுமக்கும். விலை பேசாமல் உரிய கூலி தருதல் வேண்டும். வழங்கும்போது பின்னியவர் பெயரை மேடையில் சொல்லுதல் வேண்டும். பொன்னாடையை அறிவிக்கும் ஒலிபெருக்கிக்கு ஒரு பெயரைக் கூடுதலாகச் சொல்வது சுமையாகாது.

நூற்பவளிடம் உவமை பெற்ற கவிஞர் குலம் பட்ட கடன் பழையது. பத்தாண்டு நிறைவில் அதில் சிறிதேனும் தீருமாயின், விழாவுக்கு அதுவே சிறப்பு.