இராயபுரம் தந்த இணையத் தொழில்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் சிந்தாமணியைப் பற்றியோ நாலடியாரைப் பற்றியோ பேசும்படி என்னைப் பணிக்கும் அறக்கட்டளையார், இம்முறை இணையத்தில் தொழில் தொடங்குவதைப் பற்றியும் அதற்குப் பொருள் திரட்டுவதைப் பற்றியும் பேசச் சொல்லிவிட்டனர். தமிழாசிரியனுக்கு இத்தலைப்பா என்று முன்வரிசையில் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. ஆயினும் நான் மறுக்கவில்லை. கடந்த ஓராண்டில் நம் குடும்பத்தார் மூவர் என்னிடம் கேட்ட கேள்வியே அதற்குக் காரணம். "பிள்ளை வேலையை விட்டுவிட்டு இணையத் தொழில் தொடங்கப் போகிறேன் என்கிறான். ஓய்வு பெற்றபோது வந்த தொகையை அவனிடம் கொடுக்கலாமா ஐயா?" வந்தவாசிப் பக்கத்திலும் செஞ்சிப் பக்கத்திலும் இருந்த காணியை விட்டு வந்து, திருவொற்றியூரிலும் மணலியிலும் ஆலைச் சங்கொலிக்கு எழுந்து முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த பணம் அது. அதற்கு மேம்போக்காக விடை சொல்லிவிட முடியாது.

விடைக்கு நெடுந்தொலைவு போக வேண்டியதுமில்லை. நம் இராயபுரத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. பாரத் மேட்ரிமோனி என்னும் திருமண இணையதளத்தை நிறுவிய முருகவேல் ஜானகிராமன் இராயபுரத்தில் வளர்ந்தவர். தந்தையார் துறைமுகத்தில் பணிபுரிந்தவர். மாநிலக் கல்லூரியில் புள்ளியியலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.சி.ஏ.வும் பயின்று, மென்பொருள் வல்லுநராகச் சிங்கப்பூருக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் சென்றார். அங்கே பணியில் இருந்தபடியே 1997ஆம் ஆண்டில் அயலகத் தமிழர்க்கென ஓர் இணையதளம் அமைத்தார். அதில் தமிழ் நாட்காட்டி இருந்தது. பண்டிகைச் செய்திகள் இருந்தன. மூலையில் ஒரு பகுதியாக வரன் தேடும் விளம்பரங்களும் இருந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த மூலையைத்தான் நாடினர். மக்கள் எதைத் தேடி வந்தார்களோ அதையே அவர் தொழிலாக்கினார். நாட்காட்டியின்மேல் கொண்ட பற்றினால் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் இன்று நாம் அவர் பெயரை அறிந்திருக்க மாட்டோம்.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முதல் சில ஆண்டுகள் அவருடைய மாதச் சம்பளமே அத்தொழிலைத் தாங்கியது. இணைய நிறுவனங்கள் பல சரிந்த 2000-2001 காலத்தில் அவருக்கும் வேலை போயிற்று. அதன் பின்னரே முழுநேரமும் அத்தொழிலில் இறங்கினார். அப்போது தளத்துக்குப் பயனாளர்கள் இருந்தனர். கட்டணம் செலுத்தவும் ஆயத்தமாக இருந்தனர். 2004இல் தாயகம் திரும்பினார். யாகூ நிறுவனமும் கேனான் பார்ட்னர்ஸ் என்னும் முதலீட்டு நிறுவனமும் 86.5 இலட்சம் டாலர் முதலீடு செய்தது 2006ஆம் ஆண்டில். தொடங்கியதற்கும் பிறர் பணம் பெருமளவில் வந்ததற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் இருந்தன. 2017 செப்டம்பரில் நிறுவனத்தின் பங்குகள் பங்குச் சந்தைக்கு வந்தன. தம் வாழ்க்கைத் துணையையும் அவர் தம் தளத்தின் வழியாகவே கண்டார் என்பது இடையில் ஒரு சுவையான செய்தி. சமைத்தவரே உண்டு பார்த்த உணவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் கணினி இல்லாத காலத்துப் பெற்றோர்க்காக, அந்நிறுவனம் நகரங்களில் நேரடி மையங்களையும் திறந்தது. சாதகத்தையும் நிழற்படத்தையும் கையோடு கொண்டுபோய்க் கொடுக்கலாம். இணையத் தொழில் என்றவுடன் எல்லாம் திரைக்குள்ளேயே நடந்துவிடும் என்று நம் பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் தரகர் செய்துவந்த பழைய வேலையை அவர் நன்கு அறிந்திருந்தார். அதற்குப் புதிய கருவி கிடைத்தது, அவ்வளவுதான்.

நம் வடசென்னைப் பிள்ளைகளும் அப்படித் தாம் அறிந்ததிலிருந்து தொடங்கலாம். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழைய மணிக்கணக்கில் நின்றதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! எந்த லாரி எங்கே நிற்கிறது, எந்தச் சரக்குக்கு எந்தத் தாள் இன்னும் வரவில்லை என்பதை அறிய ஒரு முகவர் நாள்முழுதும் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். திருவொற்றியூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைக்காரருக்குத் தம்மிடம் உள்ள சரக்கின் கணக்கே தெளிவாகத் தெரிவதில்லை. பெங்களூரில் இருக்கும் கெட்டிக்காரனுக்கு இக்குறைகள் தெரியா. சுங்கத் தரகர் அலுவலகத்தில் இரண்டாண்டு வேலை பார்த்த நம் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். வேறொரு நாட்டில் வெற்றி பெற்ற செயலியைப் பார்த்துப் படியெடுப்பதைவிட இது நல்ல தொடக்கம் என்பது என் எண்ணம்.

பொருள் விற்பவர்க்கு வேறு கணக்கு உண்டு. என்னிடம் படித்த மாணவி ஒருத்தி பூண்டு சேராத பருப்புப்பொடி செய்து வாட்ஸ்அப் வழியாக விற்கிறாள். விற்பனை பெருகுகிறது, கையில் பணம் நிற்கவில்லை என்றாள். இருவரும் தாளில் எழுதிப் பார்த்தோம். பொட்டலம் விலை 200 ரூபாய் என்று கொள்வோம். மூலப்பொருள் 80, உறை 12, கூரியர் 50, விளம்பரத்துக்கு 40; ஆக 182 போக மிஞ்சுவது 18 ரூபாய். பொருளைப் பெற்றுக்கொண்டு பணம் தருவேன் என்றவர் கதவைத் திறக்காமல் ஒரு பொட்டலம் திரும்பி வந்தால், போக வர கூரியர் 100, உறை 12, விளம்பரம் 40, ஆக 152 ரூபாய் நட்டம். எட்டுப் பொட்டலங்களின் இலாபத்தை அது விழுங்கிவிடுகிறது. இந்தக் கணக்கைத் திருத்தாமல் கடன் வாங்கி விற்பனையைப் பெருக்கினால் நட்டந்தான் பெருகும். முன்பணம் பெற்ற பின்னரே அனுப்புவது, இரண்டு பொட்டலத்துக்குக் குறைந்து அனுப்பாமலிருப்பது என்று அவள் மாற்றிக்கொண்டாள். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவையும் பெற்றுவிட்டாள். அது இல்லாமல் உணவுப்பொருள் விற்கக் கூடாது.

இனிப் பணம் திரட்டும் பகுதி.

முதல் வழி சொந்தச் சம்பளம். இரண்டாவது, வாடிக்கையாளர் தரும் முன்பணம். இவ்விரண்டும் போதாதபோதுதான் கடனை நாட வேண்டும். சமணர் 2014 சனவரியில் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அதனால் டாம்கோ எனப்படும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் தொழிற்கடனுக்கு நாமும் விண்ணப்பிக்கலாம் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. குடும்ப வருமான வரம்பு உண்டு, வட்டி குறைவு, கூட்டுறவு வங்கிகள் வழியாகக் கடன் கிடைக்கிறது. வங்கிகளில் முத்ரா கடன் இருக்கிறது. 2015இல் தொடங்கிய இத்திட்டத்தில் பிணையம் கேட்பதில்லை. 10 இலட்சம் வரை பெறலாம். அதைப் பெற்றுச் சரிவரத் திருப்பிச் செலுத்தியவர்க்கு 2024 முதல் 20 இலட்சம் வரை உண்டு. 10 இலட்சத்துக்கு மேற்பட்ட திட்டமாயின், முதல் தலைமுறைத் தொழில்முனைவோர்க்கான 'நீட்ஸ்' திட்டத்தில் மாவட்டத் தொழில் மையம் வழியாக 25 விழுக்காடு மானியம் கிடைக்கும். உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணமே கிடையாது. கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவாயினும் அது அரசினுடையது அன்று. கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகளின் பக்கம் தொழிலுக்காகப் போகவே வேண்டா.

முதலீட்டாளர் பணம் வேறு வகையைச் சேர்ந்தது. பத்து இலட்சம் தந்து ஐந்தில் ஒரு பங்கைக் கேட்கிறார் என்றால், உங்கள் தொழில் முழுவதையும் ஐம்பது இலட்சமாக மதித்திருக்கிறார் என்று பொருள். அதை மாதத் தவணையில் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதனால் சிலர் நன்கொடை என்று மயங்குகிறார்கள். சில ஆண்டுகளில் தம் பங்கைப் பன்மடங்காக விற்று வெளியேற வேண்டும் என்பதே அவர் நோக்கம். மெதுவாக வளர அவர் விடமாட்டார். சென்னையிலேயே இரு வழிகளுக்கும் சான்று உண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கிய ஸோஹோ வெளியார் முதலீட்டை நாடாமல் வளர்ந்தது. அங்கே பணிபுரிந்த கிரிஷ் மாத்ருபூதம் 2010இல் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் மறு ஆண்டே முதலீடு பெற்று, 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையை எட்டியது. இரண்டும் நேர்வழிகளே. எந்த வழியில் போகிறோம் என்று அறியாமல் கையெழுத்திடுவதுதான் பிழை.

நம் இராயபுரம் ரயில் நிலையமும் பிறர் முதலீட்டில் எழுந்ததே. 1856 சூலை முதல் நாள் அங்கிருந்து வாலாஜா வரை வண்டி ஓடியபோது, அந்த இருப்புப்பாதைக் கம்பெனியின் பங்குதாரர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் அவர்களுக்குக் குறிப்பிட்ட வருவாயை அரசு உறுதி செய்திருந்தது. அந்தச் சுமை இந்நாட்டு வரிப்பணத்தின் தலையில் விழுந்தது. இன்று உங்கள் பிள்ளையின் தொழிலுக்கு அப்படி உறுதி தருபவர் ஒருவரே இருக்கிறார். அவர் கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போடும் தந்தை.

ஆகவே அந்த மூன்று குடும்பத்தார்க்கும் நான் சொன்ன விடை இது. குடியிருக்கும் வீட்டை அடமானம் வைக்காதீர்கள். ஓய்வுத் தொகையில், அடியோடு போனாலும் மருந்துக்கும் உணவுக்கும் குறைவு வராத ஒரு பகுதியை மட்டும் தனியே பிரித்து, அத்தொகையைப் பிள்ளை அறிய எழுதி வையுங்கள். இல்லறத்தார் நோன்பில் மிகுபொருள் விரும்பாமைக்கு ஓர் எல்லை கட்டிக்கொள்கிறோம். இழப்புக்கும் தொடங்குமுன்பே ஓர் எல்லை கட்டிக்கொள்ளலாம். எல்லை தொட்டதும் பிள்ளை வேலைக்குத் திரும்புவது என்பதையும் அன்றே பேசி முடியுங்கள். நட்டம் வந்த பிறகு அந்தப் பேச்சு சண்டையாகத்தான் முடியும். வேலையை விடும் நாளைப் பிள்ளை குறிக்கக் கூடாது, கணக்கேடு குறிக்கட்டும். உறவினர் அல்லாத பத்துப் பேர் இரண்டாம் முறையும் பணம் கொடுத்து வாங்கினார்களா என்று கேளுங்கள். மூவரில் ஒருவர் மகன் இன்னும் வேலையில் இருந்தபடி இரவில் தன் செயலியை எழுதிக்கொண்டிருக்கிறான். இன்னொருவர் நான் சொல்வதற்குள் பணத்தைக் கொடுத்துவிட்டார். மூன்றாமவர் இதே அவையில் இருக்கிறார். இன்னும் முடிவு செய்யவில்லை.

டாம்கோ விண்ணப்பங்களை நிரப்புவதற்கு, வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நம்மவர் இருவர் உணவுக்குப் பின் பக்கத்து அறையில் இருப்பார்கள். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் வேண்டும். மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்திலும் படிவம் பெறலாம். தொழில் தொடங்கியோர் மூன்று மாத வரவு செலவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் அவர்களுக்குப் பார்க்க எளிதாயிருக்கும்.