விடை சரி, விளங்கியதா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ப்பள்ளி மாணவர்களின் வாசிப்பு, கருத்துணர்தல் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் ஆசிரியை அல்ல. வெகுசனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு, கேமராவின் முன்னால் நின்று வாசிப்பதைத் தொழிலாகக் கொண்டவள். அதனால் ஒரு சித்தியாக எனக்கு நேர்ந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன்.

என் அக்காள் மகன் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். கடந்த பள்ளி விடுமுறையில் பயிற்சி நூலைக் கொண்டுவந்து, “சித்தி, எல்லாம் சரி!” என்று பெருமையாகக் காட்டினான். கருத்துணர்தல் பகுதி. தோட்டத்தில் வேலை செய்த ஒரு பாட்டியைப் பற்றிய பத்தி. “பாட்டி ஏன் விடியற்காலையிலேயே பால்மரம் வெட்டச் சென்றார்?” என்பது கேள்வி. “வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதால் சென்றார்” என்று எழுதியிருந்தான். ஆசிரியர் சிவப்பு மையில் சரி போட்டிருந்தார்.

சும்மா கேட்டு வைத்தேன். “அது என்ன பால்?”

“மாட்டுப் பால்தானே சித்தி?”

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சங்கடமாக இருந்தது. ஏனென்றால் அடுத்த அறையில் படுத்திருந்த என் அம்மா, அதாவது அவனுடைய சொந்தப் பாட்டி, இளவயதில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்.

நேயர்களே, மாட்டுப் பால் என்று நினைத்த பிள்ளை எப்படிச் சரியான விடையை எழுதினான்? விடை மிகவும் எளிது. நான் ஒரு வாக்கியம் சொல்கிறேன். “தம்பலி மொடப்பில் மிலுங்கியது.” இதற்குப் பொருளே கிடையாது, நானாக இட்டுக்கட்டியது. இப்போது கேட்கிறேன், தம்பலி எங்கே மிலுங்கியது? உங்கள் வாயில் உடனே வருகிறது, “மொடப்பில்” என்று. முழுப் புள்ளி! ஆனால் உங்களுக்கு என்ன விளங்கியது?

நம் பிள்ளைகளில் பலர் இப்படித்தான் மீள்பார்வை செய்கிறார்கள். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடுகிறார்கள். கண்டுபிடித்ததும் அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதுகிறார்கள். இது தேடும் திறன். அதுவும் தேவைதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் அதைக் கருத்துணர்தல் என்று சொல்ல முடியுமா?

இதில் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. 1988ஆம் ஆண்டு தொடங்கிய யூபிஎஸ்ஆர் தேர்வை மனத்தில் வைத்தே நாம் பயிற்சி நூல்களை வாங்கிக் குவித்தோம். அந்தத் தேர்வு 2021இல் ரத்து செய்யப்பட்டது. தேர்வு போய்விட்டது, பழக்கம் மட்டும் நம் வீட்டை விட்டுப் போகவில்லை. இன்னும் “எத்தனை பக்கம் முடித்தாய்?” என்றுதான் கேட்கிறோம்.

இதன் விளைவு பின்னால் தெரியும். 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பீசா அனைத்துலக மதிப்பீட்டில், வாசிப்பில் மலேசியா 2018இல் 415 புள்ளிகள் பெற்றது. 2022இல் அது 388ஆகக் குறைந்தது. ஓஈசிடி நாடுகளின் சராசரி 476. இது தமிழ்மொழிச் சோதனை அல்ல. எல்லா இன மாணவர்களும் எழுதியது. ஆனால் வாசித்துப் பொருள் உணரும் பழக்கம் எந்த மொழியில் வந்தாலும் மற்ற மொழிகளுக்கும் கைகொடுக்கும். வீட்டு மொழியில் அதைத் தொடங்குவது எளிதல்லவா?

சரி, என்ன செய்யலாம்? கேள்விகளில் மூன்று வகை உண்டு. முதலாவது, விடை வரியிலேயே இருப்பது. இரண்டாவது, வரிகளுக்கு இடையில் இருப்பது. ஊகித்துச் சொல்ல வேண்டியது. மூன்றாவது, பிள்ளையின் சொந்தக் கருத்தைக் கேட்பது. முதல் வகையோடு நாம் நின்றுவிடுகிறோம்.

அதே பத்தியில், மழை பெய்யும் காலையில் பாட்டி வாசலில் அமர்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஒரு வரி இருந்தது. நூலில் இருந்த கேள்வி, “பாட்டி எங்கே அமர்ந்திருப்பார்?” விடை, “வாசலில்.” நான் வேறு மாதிரி கேட்டேன். “பாட்டி ஏன் வானத்தைப் பார்க்கிறார்?” யோசித்துவிட்டு, “வானவில் வருதான்னு பார்க்க” என்றான்.

அவனைக் கையைப் பிடித்து அம்மாவிடம் அழைத்துப் போனேன். அம்மா எழுந்து உட்கார்ந்தார். விடியுமுன் பிரட்டுக்குப் போனது, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தது, உளியால் கோடு போட்டது, மங்கில் பால் சொட்டியது, மறுநாள் கோட்டுப்பாலை உரித்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். “மழை பேஞ்சா மரம் நனைஞ்சிடும். வெட்ட முடியாது. வேலை இல்லேன்னா அன்னிக்குச் சம்பளமும் இல்லே” என்றார்.

பையன் திரும்பி வந்து அந்தப் பத்தியை மறுபடியும் வாசித்தான். நான் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். “சித்தி, மழை விட்டுடுமான்னுதான் பாட்டி பார்த்திருக்காங்க.”

அவன் அந்தப் பத்தியை முதன்முதலாக வாசித்தது அப்போதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்து, செய்யுளும் மொழியணியும். நம் தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தில் திருக்குறள், ஆத்திசூடி, பழமொழி, மரபுத்தொடர், இணைமொழி எல்லாம் இருக்கின்றன. பிள்ளைகள் பொருளோடு மனனம் செய்து ஒப்பிக்கிறார்கள். ஆனால் ‘கரைத்துக் குடித்தல்’ என்ற மரபுத்தொடரை வைத்து வாக்கியம் அமைக்கச் சொன்னபோது, இதே பையன், “நான் தினமும் காலையில் மைலோவைக் கரைத்துக் குடிப்பேன்” என்றான்! ஒரு நூலை முழுமையாகக் கற்றுத் தேர்வதைத்தான் அப்படிச் சொல்கிறோம் என்ற பொருள் அவனுக்கு மனப்பாடம். எங்கே பயன்படுத்துவது என்பதுதான் தெரியவில்லை. வீட்டுப் பேச்சில் நாம் அதைச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். மொழியணியை அட்டவணையில் மட்டும் வைக்காதீர்கள். சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

இப்போது என் தொழிலிலிருந்து ஒன்று. திரையில் ஓடும் எழுத்தைத் தடுமாறாமல் வாசித்துவிட்டு, “இப்போது என்ன வாசித்தேன்?” என்று நானே விழித்த நாள்கள் உண்டு. ஆகவே பிள்ளை கடகடவென்று வாசிக்கிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். எங்கே நிறுத்துகிறது என்று கவனியுங்கள். “அவன் அக்கா வீட்டில் இல்லை.” ‘அவன்’ என்று சொல்லி நிறுத்தினால், அக்காவின் வீட்டில் அவன் இல்லை. ‘அவன் அக்கா’ என்று சொல்லி நிறுத்தினால், வீட்டில் இல்லாதவர் அக்கா. பொருள் புரிந்தவர்தான் சரியான இடத்தில் நிறுத்துவார்.

எனவே பெற்றோர்களே, ஒரு நாளைக்கு ஐந்து பத்திகள் வேண்டாம். ஒரே பத்தி, பதினைந்து நிமிடம் போதும். முதலில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வந்தால் உடனே பொருள் சொல்லாமல், முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் பார்த்து ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு நூலை மூடிவிட்டுச் சொந்தச் சொற்களில் சொல்லட்டும். கடைசியாக, ‘ஏன்’ என்று ஒரு கேள்வி, ‘நீயாக இருந்தால் என்ன செய்வாய்’ என்று ஒரு கேள்வி. பிள்ளை எந்த விடை சொன்னாலும், “உனக்கு எப்படித் தெரியும்? காட்டு” என்று கேளுங்கள். தவறான விடை வந்தால் கோபம் வேண்டாம். எங்கே வழி தவறியது என்பதை அந்த விடைதான் நமக்குக் காட்டும்.

“எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே” என்று சில பெற்றோர் தயங்குகிறார்கள். தேசியப் பள்ளியில் படித்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அது குறையே இல்லை. பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். தெரியாதவருக்கு விளக்கிச் சொல்லும்போது பிள்ளைக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள். எந்தப் பயிற்சி நூலின் கடைசிப் பக்கத்திலும் இல்லாத விடைகள் அவர்களிடம் இருக்கின்றன. இப்போதெல்லாம் மழை பெய்தால் என் அக்காள் மகன் அம்மாவிடம் போய், “பாட்டி, இன்னிக்கு வேலை இல்லையா?” என்று கேட்கிறானாம். அம்மாவும் சிரித்துக்கொண்டே, “இல்லேடா, சம்பளமும் இல்லே” என்கிறாராம்.