மின்னை அறியும் வாயில்

 

இராமநாதபுரத்துக் கடற்கரையூர் ஒன்றிலிருந்து ஒரு மாணவன் கல்லூரிக்கு வருகின்றான். பன்னிரண்டாம் வகுப்பு முடிய அறிவியலைத் தமிழிலேயே பயின்றவன் அவன். மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை என்னும் சொற்கள் அவனுக்குப் பழகியவை. அவற்றைக் கொண்டு கணக்கும் போட்டவன். முதலாண்டு மின்னியல் வகுப்பில் ஆசிரியர் 'கரண்ட்' என்கின்றார், 'பொட்டென்சியல் டிபரன்சு' என்கின்றார், 'ரெசிசுட்டன்சு' என்கின்றார். நேற்றுவரை அவன் உடைமையாயிருந்த அறிவு ஒரே நாளில் அயலார் உடைமையாகி விடுகின்றது. ஐயம் எழுகின்றது, ஆனால் ஆங்கிலத்தில் கேட்கவேண்டுமே என்று அவன் எழாமலே இருந்துவிடுகின்றான். எழாத மாணவனை ஆசிரியர் அறியாதவன் என்று எண்ணுகின்றார். நாளடைவில் அவனும் அவ்வாறே தன்னை எண்ணத் தொடங்குகின்றான்.

அவன் உண்மையில் அறியாதவனா? அதைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

மன்னார்க் கடலில் வலையிழுக்கும் குடும்பத்தில் பிறந்தவனுக்கு, தொட்டால் கை திமிர்க்கச் செய்யும் ஒருவகைத் திருக்கை தெரியும். அது தன் உடலிலேயே மின்னை உண்டாக்கும் உயிர். கார்காலத்து இரவில் கடல்மேல் வெட்டும் மின்னல் அவனுக்குத் தெரியும். வாலிநோக்கத்து உப்பளங்களில் பாத்தி கட்டிக் கடல்நீரை உப்பாக்கும் முறை தெரியும். உப்புக்காற்றில் இரும்பு எவ்வளவு விரைவில் துருவேறும் என்பதும் தெரியும். இவை நான்கும் மின்னியலின் பாடங்கள். பாடநூல் திறக்கப்படுவதற்கு முன்பே அப்பாடங்களின் நடுவே வளர்ந்தவன் அவன்.

அவனுடைய மொழிக்கும் இதில் ஒரு சிறப்பு உண்டு. அம்பர் என்னும் பழம்பிசினைத் தேய்த்தால் அது துரும்பை ஈர்க்கும் எனக் கிரேக்கர் கண்டனர். அப்பிசினுக்கு அவர்கள் இட்ட பெயரிலிருந்தே ஆங்கிலச் சொல் பிறந்தது. தமிழோ, வானத்து ஒளிக்கு வழங்கிய 'மின்' என்னும் தன் பழஞ்சொல்லையே இந்த ஆற்றலுக்கும் பெயராகக் கொண்டது. மின்னலும் ஆய்வறையில் எழும் மின்பொறியும் ஒன்றே என்பது 1752ஆம் ஆண்டில் ஆய்வினால் உறுதிப்பட்ட உண்மை. பெஞ்சமின் பிராங்கிளின் என்னும் அமெரிக்க அறிஞரின் பெயர் அதனோடு இணைந்துள்ளது. அவ்வுண்மை தமிழ் மாணவனுக்குச் சொல்லிலேயே அடங்கிக் கிடக்கின்றது. ஒரு சொல்லைக் கேட்டவுடன் பொருள் தோன்றுமாயின், பாடத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடுகின்றது.

இனி, மின்னியலின் முதற்பாடத்துக்கு வருவோர் அறியவேண்டிய சொற்கள் மூன்று: ஓட்டம், அழுத்தம், தடை.

இராமநாதபுரம் கண்மாய்களின் நாடு. கண்மாயில் நீர்மட்டம் உயர்ந்திருந்தால் மடையில் நீர் விசையோடு பாயும். மட்டம் தாழ்ந்தால் பாய்ச்சலும் தளரும். மட்டத்தின் வேறுபாடுதான் நீரைத் தள்ளுகின்றது. மின்னிலும் அவ்வாறே. இரு முனைகளுக்கு இடையேயுள்ள மின்னழுத்த வேறுபாடு மின்னோட்டத்தை உண்டாக்குகின்றது. வாய்க்கால் குறுகினாலும் புதர் மண்டினாலும் நீரோட்டம் குறையும். கம்பி மெலிந்தாலும் நீண்டாலும் மின்னோட்டம் குறையும், அதுவே மின்தடை. அழுத்தத்தை வோல்ட்டாலும், ஓட்டத்தை ஆம்பியராலும், தடையை ஓமாலும் அளப்பர். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும். செருமானிய ஆசிரியர் ஓம் 1827ஆம் ஆண்டில் தம் நூலில் வெளியிட்ட தொடர்பு இது.

ஆயினும் உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்துச் செல்லலாகாது. வாய்க்கால் உடைந்தால் நீர் வெளியே கொட்டும். கம்பி அறுந்தாலோ ஓட்டமே நின்றுவிடும். புறப்பட்ட முனையிலிருந்து மறுமுனைக்கு மீளும் வழி முழுமையாக இருந்தாலன்றி மின் ஓடாது. அம்முழு வழியையே மின்சுற்று என்பர். விளக்கு எரிகையில் மின்னோட்டம் விளக்கினுள் தீர்ந்துபோவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது பிழை. விளக்கினுள் நுழைந்த ஓட்டம் எவ்வளவோ அவ்வளவும் வெளியேறுகின்றது. அங்கே செலவாவது ஆற்றல். அதுவே ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுகின்றது. 'ஓட்டம் வேறு, ஆற்றல் வேறு' என்னும் இவ்வொரு வரியைத் தாய்மொழியில் தெளிந்த மாணவன் பின்னர் எம்மொழி நூலிலும் தடுமாற மாட்டான். தெளியாதவனோ நெறியீட்டை மனப்பாடம் செய்து தேர்வில் வென்றாலும், அடிப்படையில் இருட்டிலேயே நிற்பான்.

இத்தெளிவு தேர்வுக்கு மட்டும் உரியதன்று. உயிரைக் காப்பதும் அதுவே. இல்லங்களுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட்டு. உலர்ந்த தோலுடைய உடலின் தடை பல்லாயிரம் ஓம். அதனை 50,000 ஓம் எனக் கொண்டால், உடலில் பாயும் ஓட்டம் ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கும் குறைவு. அதிர்ச்சி தாக்கும், எனினும் பெரும்பாலும் உயிர் தப்பும். கடல்நீரில் நனைந்த கையோடும் ஈரமண்ணில் ஊன்றிய வெறுங்காலோடும் நிற்பவனின் தடை 1,000 ஓம் அளவுக்குத் தாழக்கூடும். அப்போது ஓட்டம் 0.23 ஆம்பியர். 60 வாட்டு இழைவிளக்கு ஒன்றை எரிக்கும் ஓட்டத்துக்கு ஏறத்தாழ இணையான அது, நெஞ்சின் துடிப்பைக் குலைத்துவிடும். வீடுகளில் பொருத்தப்படும் மின்கசிவுத் தடுப்பான் 0.03 ஆம்பியர் கசிந்தவுடனே இணைப்பைத் துண்டிக்குமாறு அமைக்கப்பட்டிருப்பது இதனாற்றான். அழுத்தம் ஒன்றே, தடை மாறியதால் ஓட்டம் மாறிற்று, ஓட்டம் மாறியதால் உயிர் போயிற்று. ஈரக்கையோடு சொடுக்கியைத் தொடாதே எனத் தாய் மகனுக்குச் சொல்லும் எச்சரிக்கையின் உள்ளே ஓமின் கணக்கு இருக்கின்றது. பனிக்கட்டிக் கூடத்திலும் மீன்பதக் களத்திலும் ஈரத்தில் நின்று உழைப்போர்க்கு அக்கணக்கை அவர்கள் மொழியில் விளக்கிச் சொல்ல வல்லவர் எத்தனை பேர்?

துருவின் பாடம் இன்னும் நுட்பமானது. இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் தம் எதிர்மின்னிகளை இழக்கின்றன. அவ்வெதிர்மின்னிகள் இரும்பின் ஊடே சென்று, மற்றோரிடத்தில் நீரோடும் உயிர்வளியோடும் சேர்கின்றன. மேலே படிந்த உப்புநீர் மின்னேறிய துகள்களைக் கடத்திச் சுற்றை நிறைவு செய்கின்றது. ஆகவே துருப்பிடித்த ஆணி ஒவ்வொன்றும் ஒரு சிறு மின்கலம். 1914ஆம் ஆண்டு பிப்பிரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்ட பாம்பன் தொடர்வண்டிப் பாலம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்த மின்வினையோடு போராடிற்று. 2022 திசம்பரில் அதன்மேல் வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்பிரல் 6ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பெற்றது. பழைய பாலத்தின் தூக்கு உறுப்பை ஆட்கள் கையாற் சுழற்றித் திறந்தனர். புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுவுறுப்பை மின்னாற்றல் நேர்மேலே 17 மீட்டர் உயர்த்துகின்றது. இரும்பை அரிப்பதும் மின்; இரும்பை உயர்த்துவதும் மின். முதலாண்டு மின்னியலுக்கு இதனினும் சிறந்த ஆய்வுக்களம் வேறெங்குண்டு?

இந்த நிலத்தின் அருமையை முன்னோர் சிலர் அறிந்திருந்தனர். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலக்கம் உருவாவும் வழங்க, அன்றைய இராமநாதபுர மாவட்டத்துக் காரைக்குடியில் நடுவண் மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு 1948 சூலை 25ஆம் நாள் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14ஆம் நாள், பொங்கல் திருநாளில், அது திறக்கப்பட்டது. மின்கலமும் துருவும் அங்கே ஆராயப்படும் பொருள்கள். மாவட்டத்தின் மற்றொரு கோடியான கமுதியில் 2016ஆம் ஆண்டில் 648 மெகாவாட்டு ஆற்றலுடைய கதிரவ மின்நிலையம் எழுந்தது. கதிரவத் தகடு தருவது ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம். ஊர்களுக்குச் செல்லும் கம்பிகளில் நொடிக்கு 50 சுழற்சியாகத் திசை மாறுவது மாறுமின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவியும் அங்கே இயங்குகின்றது. உலகு நோக்கும் பணிகள் இவ்வாறு ஊர்க்கோடிக்கே வந்துவிட்ட பின்னும், ஊர்ப்பிள்ளை மொழி காரணமாக வெளியே நிற்பது முறையாகுமா?

தமிழில் உயர்கல்வி ஆகாது என்போர்க்கு வரலாறு விடை சொல்லும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1864ஆம் ஆண்டு முதல் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து மருத்துவரை உருவாக்கினார். அதற்கென நூல்களையும் தமிழில் ஆக்கினார். தனுசுக்கோடிக் கரையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மன்னார்த் தீவில், மாணவர்கள் பல்கலைக்கழகத்துள் நுழைவதற்கான உயர்தரத் தேர்வை இன்றும் தமிழிலேயே எழுதுகின்றனர். 1960ஆம் ஆண்டில் கோவை அரசு கலைக்கல்லூரியில் தமிழ்வழிப் பட்டவகுப்புத் தொடங்கிற்று. 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கிற்று. ஆனால் 2023ஆம் ஆண்டில், சேருவோர் குறைந்தனர் எனக் கூறி உறுப்புக் கல்லூரிகளில் அவ்வகுப்புகளை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழவே அது திரும்பப் பெறப்பட்டது.

அறிவிப்புத் திரும்பிற்று என மகிழ்ந்து அமர்வதோடு கடமை முடிந்துவிடாது. மாணவர் ஏன் சேரவில்லை என்பதே கேட்கவேண்டிய கேள்வி. தமிழில் படித்தால் வேலை கிடைக்குமா என்னும் அச்சம் ஒன்று. படிக்கத் தக்க நூல் போதிய அளவில் இல்லாமை மற்றொன்று. முதற்குறைக்கு அரசும் தொழில்துறையும் விடை சொல்லவேண்டும். இரண்டாம் குறைக்குத் தமிழ் ஆர்வலரும் விடை சொல்லியாகவேண்டும். மேடையில் தமிழை வாழ்த்தியவர் பல்லாயிரவர். மின்னியலில் ஒரு நல்ல முதலாண்டு நூல் எழுதியவர் மிகச் சிலர். மின்னைத் தேக்கிவைக்கும் ஒரே உறுப்புக்குத் தமிழகத்தில் மின்தேக்கி என்றும் ஈழத்தில் கொள்ளளவி என்றும் இரு பெயர்கள் வழங்குகின்றன. இரண்டும் நற்றமிழே, எனினும் இருகரை மாணவரும் ஒரே நூலைப் படிக்க இயலாமற் செய்வது இவ்வேறுபாடு. கடலைக் காட்டிலும் அகலமான பிரிவைச் சொற்கள் உண்டாக்கலாகாது.

இராமேசுவரத்தில் 1931ஆம் ஆண்டில் பிறந்த அப்துல் கலாம் இராமநாதபுரத்துச் சுவார்ட்சு பள்ளியிற் பயின்று, திருச்சித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் கற்று, நாட்டின் தலைமைப் பதவி வரை உயர்ந்தார். கல்லூரியில் அவர் ஆங்கிலத்தில்தானே கற்றார் எனச் சிலர் கேட்பர். உண்மைதான். அக்கடலைக் கடக்க அவரால் இயன்றது. அதே கரையில் அதே அறிவோடு பிறந்து, கடக்க இயலாமல் நின்றுவிட்டவர் எத்தனை பேர் என்பதற்குத்தான் கணக்கே இல்லை. ஒருவர் நீந்திக் கடந்தார் என்பது பாலம் வேண்டா என்பதற்குச் சான்றாகாது.

ஆங்கிலம் கற்கலாகாது என்பது இங்கே கருத்தன்று. உலகநூல்களைப் படிக்க அதுவும் வேண்டும், நன்றாகவே கற்கவேண்டும். பொருளைத் தமிழில் தெளிந்தவன் அயற்பெயரைப் பத்து நாளிற் பழகிக்கொள்வான். பெயரை மட்டும் பழகியவன் பத்தாண்டாயினும் பொருளைத் தெளியான்.

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. கல்லூரி ஆசிரியர் முதல் வகுப்பில் மூன்று சொற்களையேனும் தமிழில் விளக்கி, தமிழில் வினவ இடந்தருக. மின்னியல் கற்ற தமிழர் ஒவ்வொருவரும் தாம் தெளிந்த ஒரு பாடத்தையாவது தெளிதமிழில் எழுதித் தருக. மாணவர்களே, வகுப்பில் எழுந்து கேளுங்கள். கேட்கும் மொழி தமிழாயிருப்பதில் இழிவில்லை.

கடத்தியும் மின்கலமும் விளக்கும் அருகருகே கிடந்தாலும் சுற்று நிறைவுறாதவரை ஒளி பிறவாது. அறிவுடைய மாணவன் இருக்கின்றான், அறிவியல் இருக்கின்றது. இடையே அறுந்து கிடக்கும் கம்பியை இணைப்பது தமிழரின் கடன்.

வெல்க தமிழ்!