காலத்தைச் சுமக்கும் சொல்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஆங்கில வினைச்சொற்களின் காலங்களைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் என்னைப் பணித்தார்கள். இலக்கணம் என்றதும் பின்வரிசை நண்பர் சிலர் வாசலை நோக்குவது தெரிகிறது. அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. பன்னிரண்டு காலங்களையும் அட்டவணை போட்டு ஒப்புவிக்க நான் இங்கு வரவில்லை. அந்த அட்டவணையை நம்மிற் பலர் பாடசாலையிலேயே மனனஞ் செய்துவிட்டோம். அவ்வாறு செய்திருந்தும், ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்கவேண்டி வந்தால் நா எழாமல் நிற்கிறோமே, அது ஏன் என்பதையே உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

இந்த ஆராய்ச்சி வீண் ஆராய்ச்சியன்று. 1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று கூறி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியெனக் குறித்தது. உயர்தரம் வரையும் தமிழிற் கற்று வைத்தியத்துக்கும் பொறியியலுக்கும் செல்லும் மாணவர், அங்கு ஆங்கிலத்திலேயே விரிவுரை கேட்கவேண்டியவராகின்றனர். அறிவிலே குறைவில்லாத பிள்ளைகள் பலர், பிழை வந்துவிடுமோ என்ற அச்சத்தினால் ஒரு சந்தேகத்தைத்தானும் கேளாது மௌனமாய் இருந்துவிடுகின்றனர்.

முதலில் நமது தமிழைப் பார்ப்போம். வந்தான், வருகின்றான், வருவான் என்ற சொற்களில் த், கின்று, வ் என்னும் இடைநிலைகளே காலத்தைக் காட்டுகின்றன என்பது நன்னூல் படித்த பெரியோர் நன்கறிந்தது. பகுதிக்கும் விகுதிக்கும் நடுவிலே காலம் பத்திரமாக இருக்கின்றது. இனி, இதனை வினாவாக்க என்ன செய்கிறோம்? ஈற்றில் ஓர் ஆகாரத்தைச் சேர்க்கிறோம். வந்தானா, வருகின்றானா, வருவானா. உள்ளே இருந்த காலம் அசையவேயில்லை.

ஆங்கிலத்தின் இயல்பு வேறு. அங்கே ஒரு வாக்கியத்தில் வினைச்சொற்கள் எத்தனை சேர்ந்து நின்றாலும் காலத்தைச் சுமப்பது அவற்றுள் முதலாவதாக நிற்பது ஒன்றே. ‘ஹீ கேம்’ என்றால் அவன் வந்தான். வினை ஒன்றே, காலமும் அதிலேயே. அதனை வினாவாக்கும்போது ‘டிட்’ என்னும் துணைவினை முன்னே வந்து காலத்தைத் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறது. உடனே ‘கேம்’ தன் சுமையை இறக்கி வைத்து, ‘கம்’ என்ற பழைய உருவத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஆகவே ‘டிட் ஹீ கம்?’ என்பதே சரி. எதிர்மறையிலும் இதுவே நியாயம்: ‘ஹீ டிட் நொற் கம்’.

நிகழ்காலத்தையும் பாருங்கள். ‘ஹீ கம்ஸ்’ என்பதன் கடைசியில் ஒரு ‘ஸ்’ ஒலிக்கின்றது. வினாவிலே ‘டஸ் ஹீ கம்?’ என்று கேட்கிறோம். அந்த ‘ஸ்’ எங்கே போயிற்று? ‘டூ’ என்பதோடு போய்ச் சேர்ந்து ‘டஸ்’ ஆயிற்று. ஒரு சுமையை இருவர் சுமப்பதில்லை.

அப்படியானால் நம்மவர் ‘டிட் ஹீ கேம்?’ என்று ஏன் கேட்கிறார்கள்? வந்தானா என்ற சொல்லிலே காலம் தன் இடத்தை விட்டு நகராததைக் கண்டு பழகிய மனம், ‘கேம்’ என்பதையும் நகராமல் வைத்துக்கொள்கிறது. ‘டிட்’ என்பதை நமது வினா ஆகாரத்தைப்போல வெறும் கேள்விக் குறியாக எண்ணிவிடுகிறது. ஆகவே இது மூடத்தனத்தால் வரும் பிழையன்று. ஒரு மொழியை ஒழுங்காகக் கற்றவன், அதன் ஒழுங்கை மற்ற மொழியிலும் எதிர்பார்ப்பதால் வருவது.

துணைவினை ஏற்கனவே இருக்கும் வாக்கியங்களில் ‘டூ’ வேண்டியதில்லை. ‘ஹீ இஸ் கமிங்’ என்பதில் ‘இஸ்’ உண்டு. ‘ஹீ வில் கம்’ என்பதில் ‘வில்’ உண்டு. அவற்றை முன்னே தூக்கி வைத்தால் போதும்: ‘இஸ் ஹீ கமிங்?’, ‘வில் ஹீ கம்?’. பன்னிரண்டு காலங்களில் ‘டூ’ என்பதன் உதவியை நாடுவன சாதாரண நிகழ்காலமும் சாதாரண இறந்தகாலமும் ஆகிய இரண்டே. மற்றைப் பத்துக்கும் தத்தமக்கென ஒரு துணைவினை முன்னரே உண்டு. இந்த ஓர் உண்மையை மனதிற் பதித்தால் அட்டவணையின் பாரம் பெரிதும் குறைந்துவிடும்.

ஒரு விலக்கையும் சொல்லவேண்டும். ‘யார்’ என்பதே எழுவாயாக நிற்கும்போது ‘டிட்’ வராது. யார் வந்தார் என்பதற்கு ‘ஹூ கேம்?’ என்று கேட்டால் போதும். யாரைக் கண்டாய் என்பதற்கோ ‘ஹூ டிட் யூ சீ?’ என்று ‘டிட்’ வந்தேயாக வேண்டும். நமது மொழியில் இரண்டாம் வேற்றுமை உருபு காட்டும் வேறுபாட்டை ஆங்கிலம் இந்த அமைப்பினால் காட்டுகின்றது.

நாம் வாக்கிய முடிவில் ‘தானே’ என்றோ ‘அல்லவா’ என்றோ ஒரே சொல்லைச் சேர்த்து எதனையும் உறுதிப்படுத்திக்கொள்வோம். இந்த வழக்கத்தினால் ஆங்கிலத்திலும் எல்லாவற்றுக்கும் ‘இஸின்ற் இற்?’ என்று முடிப்பவர் பலர். ஆங்கிலேயரோ ‘ஹீ கேம், டிடின்ற் ஹீ?’ என்பர். ‘கேம்’ என்பதனுள்ளே மறைந்திருந்த ‘டிட்’ அங்கே வெளிப்பட்டுவிடுகின்றது.

இந்த ‘டூ’ ஆங்கிலத்தில் ஆதி தொட்டு இவ்வாறு நின்றதன்று. சேக்ஸ்பியர் வாழ்ந்த காலத்தில், அதாவது 1564 முதல் 1616 வரையில், அது இல்லாமலும் கேட்டார்கள், அதனோடும் கேட்டார்கள். 1611 இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், வினையையே எழுவாய்க்கு முன் வைத்து அமைத்த வினாக்கள் நிரம்ப உண்டு. மிஷன் பாடசாலையிற் படித்த என் போன்றோருக்குக் காலைப் பிரார்த்தனையில் அவ்வோசை பழக்கமானது. ஆனால் இலக்கண வகுப்பில் அவ்வாறு எழுதினால் சிவப்புக் கோடு விழும். 16ஆம் நூற்றாண்டிற் பெரிதும் பரவிய ‘டூ’, காலப்போக்கிலேயே வினாவுக்கும் எதிர்மறைக்கும் இன்றியமையாததாயிற்று. ஆங்கிலேயரின் முன்னோரே தலைமுறை தலைமுறையாகப் பழகிப் பெற்ற வழக்கம் இது. நமக்குச் சில மாதப் பழக்கம் தேவைப்படுவது வெட்கமன்று.

இனி, எதிர்மறையில் உள்ள பெரிய இடர் ஒன்றைக் கூறுகின்றேன். ‘ஆச்சி மருந்து குடிக்கேல்லை’ என்று வீட்டிலே சொல்கிறோம். ‘குடிக்கவில்லை’ என்ற இச்சொல்லிலே கால இடைநிலை இல்லை. நேற்று, இன்னும் என்ற சொற்களோ பேசும் சந்தர்ப்பமோதான் காலத்தை உணர்த்தவேண்டும். தமிழ் தெரியாத வைத்தியரிடம் பேரன் இதனை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘ஷீ டிட் நொற் ரேக் இற்’ என்றால், முன்னொரு வேளை குடிக்காமல் விட்டார் என்பது பொருள். ‘ஷீ ஹாஸ் நொற் ரேக்கன் இற்’ என்றால், இதுவரை குடிக்கவில்லை, இனிக் குடிக்கலாம். ‘ஷீ டஸ் நொற் ரேக் இற்’ என்றால், அவர் அம்மருந்தைக் குடிப்பதேயில்லை. மூன்றுக்கும் வைத்தியர் செய்யவேண்டியது வேறு வேறு. காலங்கள் பரீட்சைத் தாளை நிரப்புவதற்கு மட்டும் உள்ளவையல்ல என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுமா?

நிபந்தனை வாக்கியத்திலும் கவனம் வேண்டும். நாளை மழை பெய்தால் போகமாட்டேன் என்கிறோம். நாளைய மழையென்பதால் ‘இஃப்’ என்பதற்குப் பின்னும் ‘வில்’ போட மனம் அவாவுகின்றது. ஆங்கில வழக்கோ ‘இஃப் இற் ரெயின்ஸ்’ என்று நிகழ்கால உருவத்தையே அங்கு வைக்கின்றது. நமது ‘பெய்தால்’ என்பதும் இறந்தகால உருவத்தில் நின்றுகொண்டுதானே நாளைய மழையைப் பேசுகின்றது! உருவம் வேறு, அது குறிக்கும் காலம் வேறு என்பது இரண்டு மொழிக்கும் பொது.

பிறர் பேச்சை எடுத்துக் கூறுகையில், நாம் ‘வருகிறேன் என்றான்’ என்று அவன் சொன்னபடியே வைத்து ‘என்று’ போட்டு முடிக்கலாம். ஆங்கில அயற்கூற்றிலோ, சொன்னது நேற்றென்றால் சொல்லப்பட்டதும் பெரும்பாலும் பின்னே நகரும்: ‘ஹீ செட் தற் ஹீ வாஸ் கமிங்’. ஏவல் வாக்கியம் ஒன்றே நமக்கு இலகு. காலச் சுமையில்லாத ‘கம்’ என்ற உருவமே ஏவல். வராதே என்பதற்கு ‘டூ நொற் கம்’.

பெரியோர்களே, இரு மொழியின் இலக்கணத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நமது நாட்டுக்குப் புதிதன்று. ஆறுமுக நாவலரவர்கள் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவினார்கள். அவர்களே பின்னர் ‘இலக்கணச் சுருக்கம்’ எழுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வழிகாட்டினார்கள். பிறமொழிப் பயிற்சி அவர்களுடைய தமிழைக் குறைத்துவிடவில்லை. தமிழின் இடைநிலையை அறிந்தவனுக்கு ஆங்கிலத்தின் துணைவினை விரைவில் விளங்கும் என்பதே என் துணிபு.

நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாளுக்கொரு வினைச்சொல்லை எடுங்கள். அதனை உடன்பாட்டிலும், எதிர்மறையிலும், வினாவிலும், ‘இஃப்’ சேர்த்தும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் காலத்தை இப்பொழுது எந்தச் சொல் சுமக்கின்றது என்று உங்களையே கேளுங்கள். எழுதிப் பார்ப்பதைவிடச் சொல்லிப் பார்ப்பதே முக்கியம்.

பெரியோருக்கும் ஒரு விண்ணப்பம். இச்சபையில் ஒரு தம்பியோ தங்கையோ எழுந்து ‘டிட் ஹீ கேம்?’ என்று கேட்டால், தயவுசெய்து சிரியாதீர்கள். கேட்ட கேள்விக்கு முதலில் விடை சொல்லுங்கள். அதன்பின் பிழையைத் திருத்துங்கள். ஒருமுறை திருத்தப்பட்ட பிள்ளை மறுமுறை சரியாகக் கேட்கும். ஒருமுறை சிரிக்கப்பட்ட பிள்ளை மறுமுறை கேளாது.