சிறு நாடும் படைச் செலவும்



கண்டி மாநகரிலிருந்து வடக்கே அக்குறணையைக் கடந்து மாத்தளை நோக்கிச் செல்வோர், குன்றுகளின் நடுவே அலவத்துகொட என்னும் ஊரை அடைவர். அவ்வூரின் ஊடாகச் செல்வது கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ-9 பெருந்தெரு. இதன் வடபகுதி போரின் காரணமாகப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2002 இல் திறக்கப்பட்டது. 2006 இல் மீண்டும் மூடப்பட்டது. 2009 இல் போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. இன்று அலவத்துகொடக் கடைத்தெருவில் நிற்பவர் யாழ்ப்பாணம் செல்லும் பேருந்து தடையின்றிப் போவதைக் காணலாம். ஒரு சிறு நாடு தன் படைக்கு எவ்வளவு செலவிட வேண்டும், எதற்காகச் செலவிட வேண்டும் என்னும் வினாவை ஆராய்வதற்கு இவ்வூர் பொருத்தமான இடமேயாகும்.

வீட்டுக்குப் பூட்டு வேண்டாம் என்பார் எவருமில்லை. ஆயினும் அரிசிக்கும் மருந்துக்கும் வைத்த பணத்தையெல்லாம் பூட்டுக்கே செலவிடும் குடும்பத்தையும் எவரும் மெச்சுவதில்லை. வள்ளுவப் பெருந்தகை அரசுக்குரிய உறுப்புகளை ஆறாக வகுத்தார். சேனை அவற்றுள் ஒன்று. குடிமக்கள், உணவு, அமைச்சர், நட்பு, கோட்டை என்பன ஏனையவை. ஆறனுள் ஒன்றனை வளர்ப்பதற்கு ஏனைய ஐந்தையும் மெலிய விடுதல் ஆகாது என்பது அவ்வகுப்பிலேயே அடங்கியிருக்கின்றது.

கண்டி இராச்சியமும் ஒரு காலத்தில் சிறு நாடே. கரையோரத்தைப் போர்த்துக்கேயரும், பின்னர் ஒல்லாந்தரும், அவர்க்குப் பின் ஆங்கிலேயரும் ஆண்ட காலத்தில், மலைநாடு இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தன் சுதந்திரத்தைக் காத்து நின்றது. அதற்கு அந்நாடு செலவிட்ட பணம் மிகச் சிறிது. காணியைப் பெற்றவர்கள் அதற்கு ஈடாக அரசனுக்கு ஊழியம் செய்தனர். போர் வந்தபோது ஆயுதம் ஏந்தினர். காடும் மலையும் ஒடுங்கிய கணவாயும் எஞ்சிய காவலைச் செய்தன. 1803 இல் ஆங்கிலேயர் கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் இரு படைகளை ஏவிக் கண்டி நகரைப் பிடித்தனர். மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நகரை விட்டு அகன்றான். சில மாதங்களுள் காய்ச்சல் அந்நியப் படையை வாட்டியது. ஜூன் மாதத்தில் நகரில் தங்கியிருந்த படை அழிந்தொழிந்தது.

அவ்வாறு நின்ற இராச்சியம் 1815 இல் ஏறத்தாழப் போரே இன்றி வீழ்ந்தது. மலைகள் அவ்விடத்திலேயே இருந்தன, காடுகளும் குறையவில்லை. மன்னனுக்கும் அவன் பிரதானிகளுக்கும் இடையே இருந்த நம்பிக்கையே குலைந்திருந்தது. சிறு நாட்டின் முதல் அரண் உள்ளிருப்போரின் மனநிறைவு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, சுதந்திரம் பெற்ற பின்னைய வரலாற்றை நோக்குவோம். 1947 இல் பிரித்தானியாவுடன் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்யப்பட்டது. இலங்கை தரைப்படை 1949 அக்டோபர் 10 ஆம் திகதி அமைக்கப்பட்டது. கடற்படை 1950 இலும் விமானப்படை 1951 இலும் தோன்றின. திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் இருந்த பிரித்தானியத் தளங்கள் 1957 இல் இலங்கையின் கைக்கு வந்தன. அக்காலத்துப் படை சிறியது. அதன் செலவும் சிறியது.

பின்னர் நிகழ்ந்தது யாது? 1971 இல் தென்னிலங்கை இளைஞர் கிளர்ச்சி. 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போர். அதன் இடையே, 1980களின் இறுதியில், தெற்கில் மீண்டும் ஒரு கிளர்ச்சி. தோன்றிய நாள் தொட்டு இந்நாட்டின் தரைப்படை, கடல் கடந்து படையெடுத்து வந்த எந்த அந்நிய அரசோடும் போர் புரிந்ததில்லை. அது புரிந்த போர்கள் யாவும் இத்தீவின் பிள்ளைகளோடு புரிந்தவை. எனவே படைச் செலவின் பெரும்பகுதியை, நாட்டினுள் தீர்க்கப்படாமல் விடப்பட்ட வழக்குகளுக்குச் செலுத்திய வட்டி எனலாம். மொழியுரிமை, காணி, வேலையின்மை, பல்கலைக்கழக அனுமதி ஆகியவை உரிய காலத்தில் பேசித் தீர்க்கப்படாதபோது, அவை பின்னர் பன்மடங்கு விலையோடு திரும்பி வந்தன. அவ்விலை பணத்தால் மட்டும் செலுத்தப்படவில்லை. வடக்கிலும் தெற்கிலும் பிள்ளையை இழந்த தாய்மார் அதனை அறிவர்.

இச்செலவின் அளவை ஈண்டு ஆராய்தல் தகும். 1990களின் நடுப்பகுதியில் பாதுகாப்புச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 5 சதவீதமாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ 2 சதவீதத்துக்கு இறங்கியுள்ளது. இதனைக் கேட்போர் சுமை நீங்கிற்று என்று கருதக்கூடும். ஆயினும் அரசாங்கம் செலவிடுவது நாட்டின் மொத்த உற்பத்தியை அன்று. தன் கைக்கு வரும் வருமானத்தையே. பொருளாதார நெருக்கடி நேர்ந்த 2022 இல் அவ்வருமானம் மொத்த உற்பத்தியில் 8 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. எட்டில் இரண்டு என்பது நான்கில் ஒரு பங்கு. வீட்டுக்கு வரும் நான்கு ரூபாவில் ஒரு ரூபாவைப் பூட்டுக்கு ஒதுக்கும் குடும்பத்தை நேயர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

அந்த ஒரு ரூபா எங்கே செல்கின்றது? பீரங்கியும் போர்க்கப்பலும் வாங்கச் செல்கின்றது என்பது பலர் எண்ணம். உண்மை வேறு. 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு ஏறத்தாழ 442 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. அதில் 382 பில்லியன் மீண்டெழும் செலவு. 60 பில்லியன் மாத்திரமே மூலதனச் செலவு. அதாவது, நூற்றில் எண்பத்தாறு ரூபா சம்பளம், உணவு, உடை, எரிபொருள் முதலிய அன்றாடத் தேவைகளுக்கு உரியது. ஆகவே படைக் கணக்கு ஆயுதக் கணக்கு என்பதினும் ஆள் கணக்கு என்பதே பொருந்தும்.

இதனால் ஒரு சிக்கல் எழுகின்றது. அச்சம்பளம் யாருடைய சம்பளம்? கண்டி, மாத்தளை, அநுராதபுர மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து, வேறு நிலையான தொழில் கிடையாமல் படையிற் சேர்ந்த ஏழை இளைஞர்களின் சம்பளம். அதனை நம்பி முதிய பெற்றோரும் சிறு பிள்ளைகளும் வாழ்கின்றனர். செலவைக் குறையுங்கள் என்று மேடையில் முழங்குவது எளிது. குறைக்கப்பட்ட ஆளுக்கு மறுநாள் காலையில் என்ன தொழில் என்பதற்கு விடை கூறுவது கடினம். 2023 ஜனவரியில் அரசாங்கம், தரைப்படையின் அனுமதிக்கப்பட்ட ஆட்பலமாகிய 200,783 ஐ அடுத்த ஆண்டில் 135,000 ஆகவும், 2030 அளவில் 100,000 ஆகவும் குறைப்பதாக அறிவித்தது. நல்ல முடிவே. எனினும் தொழிற்பயிற்சியும் வேலையும் கூடவே வாராவிடின், ஒரு பெட்டியிலிருந்த சுமை மற்றொரு பெட்டிக்கு மாறியதாகவே முடியும்.

ஏட்டில் ஏறாத செலவும் ஒன்றுண்டு. வடக்கில் போர் முடிந்து பல ஆண்டுகள் கடந்த பின்னரும் படையினர் வசம் இருந்த காணிகள் பல. உழவன் தன் வயலிற் பயிரிடாமல் உறவினர் வீட்டில் காத்திருந்த ஆண்டுகளின் இழப்பு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் எழுதப்படுவதில்லை. அதுவும் நாட்டின் இழப்பே.

மூலதனமாகச் செலவிடும் சிறு தொகையிலும் தேர்வு வேண்டும். 2021 இல் ஐந்து கிபிர் போர் விமானங்களைப் புதுப்பிக்க ஏறத்தாழ 5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு எரிபொருளுக்கும் மருந்துக்கும் டாலர் இல்லாமல் நாடு வரிசையில் நின்றது. மறுபுறம், இலங்கைக்குரிய கடற்பரப்பு ஏறத்தாழ 517,000 சதுர கிலோமீற்றர். நிலப்பரப்பைப் போல் எட்டு மடங்கு. 2021 இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து கரையோரத்தை நஞ்சாக்கியபோது, இந்நாட்டுக்கு வேண்டியிருந்தவை தீயணைக்கும் கலங்களும் பயிற்சி பெற்ற கடலோடிகளுமே.

சிறு நாடுகள் யாவும் ஒரே வழியை மேற்கொண்டதில்லை. கொஸ்தா ரிக்கா 1948 டிசம்பர் 1 ஆம் திகதி தன் படையையே கலைத்தது. தலைநகரின் படைமுகாம் ஒன்று அருங்காட்சியகமாயிற்று. சிங்கப்பூரோ 1967 இல் இளைஞர் அனைவருக்கும் தேசிய சேவையைக் கட்டாயமாக்கியது. இரண்டும் தத்தம் ஆபத்தை அளந்து பார்த்த பின்னரே வழியைத் தெரிந்தன. அளவுகோல் பிறர் நாட்டிலிருந்து வரக்கூடாது. தன் ஆபத்திலிருந்தே வரவேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இத்தீவைத் தாக்கியது. நாடெங்கும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தனர். கண்டி மாவட்டம் பெருந்துயர் அடைந்தது. அலவத்துகொடப் பகுதியிலும் மலை சரிந்து வீடுகளை மூடியது. அங்கே மண்ணைத் தோண்டியவர்களுள் படைவீரரும் இருந்தனர். கிளர்ச்சியை அடக்கவும் போரிடவும் வளர்க்கப்பட்ட படை, அந்நாளில் மண்வெட்டியோடு ஊரவர் அருகில் நின்றது. அதற்கு நன்றி கூறாதார் இல்லை. ஆயினும் மண் விழுந்த பின் தோண்டுவதினும், விழுமுன் எச்சரித்து மக்களை அகற்றுவது மலிவு, மேன்மையும் அதுவே. மழைமானிகளும், சரிவுகளை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பணியும், அபாயமான இடத்தில் வாழ்வோர்க்கு மாற்றுக் காணியும் பாதுகாப்புச் செலவு என்றதும் பலர் நினைவுக்கு வருவதில்லை. எனினும் அலவத்துகொட வாசிக்கு அவற்றினும் நெருங்கிய பாதுகாப்பு வேறில்லை.

ஆகவே, ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் ஒதுக்கீடு வாசிக்கப்படும்போது, தொகை கூடிற்றா குறைந்ததா என்பதோடு குடிமக்கள் நின்றுவிடலாகாது. இந்த ரூபா எந்த ஆபத்தைத் தடுக்கின்றது என்று கேட்க வேண்டும். அந்த ஆபத்து கடலிலா, மலையிலா, அல்லது மனிதருக்கிடையே எஞ்சியிருக்கும் மனக்கசப்பிலா என்றும் கேட்க வேண்டும். மனக்கசப்பே அதற்குக் காரணமாயின், அதனைத் தீர்க்கும் பேச்சுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது.