மோட்டார் ஓட்டும் மகளிரும் பழுதுபார்க்கும் பட்டறையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதல் மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மோட்டார் பட்டறையும், அங்கே தனியே செல்லும் பெண்மணியும் ஆகும். இதற்கும் இலக்கியத்துக்கும் உறவு இல்லாமல் இல்லை. பிறருடைய பொருளையும் தம்முடையதாகவே எண்ணிப் பேணுகிறவர்தாம் நல்ல வணிகர் என்ற கருத்தை நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் வைத்துள்ளார். பட்டறையில் விட்டுச்செல்லும் வண்டி பிறர் பொருள் அன்றோ?

2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நம் போர்ட் பிளேயரில், மகளிர் கார் ஓட்டிச் செல்வது அன்றாடக் காட்சி. அலுவலகம், பள்ளி, மருத்துவமனை, அங்காடி எனச் செல்லும் அவர்களுக்கு வண்டி ஆடம்பரம் அன்று. ஆனால் இத்தீவின் இயல்பு வண்டிக்குப் பகை. உப்புக்காற்று இரும்பை அரிக்கிறது. ஏற்றமும் இறக்கமுமான சாலை கிளட்சையும் பிரேக்கையும் தேய்க்கிறது. உதிரிப் பாகங்களோ பெரும்பாலும் கடல் கடந்தே வரவேண்டும். “சாமான் கப்பலில் வருகிறது” என்னும் சொல் பல வேளை உண்மை. சில வேளை வெறும் சாக்கு. இரண்டையும் பிரித்தறியாதவர் பணத்தையும் இழப்பர், பல நாள் வண்டியையும் இழப்பர்.

இத்தீமை நமக்கு மட்டும் உரியதன்று. 1941-இல் அமெரிக்காவின் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ இதழ் ஒரு சோதனை நடத்திற்று. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அந்நாட்டின் 48 மாநிலங்களிலும் கார் ஓட்டிச் சென்றனர். இஞ்சினில் காயிலின் கம்பி ஒன்றை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, பட்டறை பட்டறையாக வண்டியைக் காட்டினர். மாட்டிவிட்டால் முடிந்துபோகும் வேலை! 347 பட்டறைகளில் 218, செய்யாத வேலைக்கும் வேண்டாத வேலைக்கும் பணம் கேட்டன. எனினும் 129 பட்டறைகள் நேர்மையாக நடந்தன என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

2017-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. டொயோட்டா கேம்ரி காருக்கு ரேடியேட்டர் மாற்ற என்ன ஆகும் என்று ஆண்களும் பெண்களும் பல பட்டறைகளைத் தொலைபேசியில் கேட்டனர். விலை தெரியாதவர்போலக் கேட்டபோது ஆணுக்குச் சராசரி 383 டாலர், பெண்ணுக்கு 406 டாலர் சொன்னார்கள். “இவ்வளவு ஆகும் என்று கேள்விப்பட்டோம்” என ஒரு தொகையைச் சொல்லிக் கேட்டபோதோ அவ்வேற்றுமை மறைந்துவிட்டது! பெண் என்பதனால் மட்டும் விலை கூடவில்லை. பெண்ணுக்கு விலை தெரியாது என்ற எண்ணத்தினால் கூடிற்று. ஆகவே அறிவே இங்குக் காவல்.

அவ்வறிவை எவ்வாறு பெறுவது? சிலவற்றை வரிசைப்படுத்துவோம்.

முதலாவது, வண்டியோடு வரும் கையேட்டைப் படித்தல். ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது அதில் உள்ளது. சமதரையில் வண்டியை நிறுத்தி, இஞ்சின் ஆறியபின் அளவுகோலைத் துடைத்து மீண்டும் இட்டுப் பார்த்தால், இரு குறிகளுக்கிடையே ஆயில் நிற்கவேண்டும். இதைச் சிறுமியும் கற்கலாம்.

இரண்டாவது, வண்டி கிளம்பவில்லையெனில் உடனே புதிய பேட்டரி வாங்காமை. உப்புக்காற்றில் பேட்டரி முனைகளில் வெண்மையும் பசுமையுமாகப் பூத்துவிடும். பிடி தளர்ந்தும் இருக்கும். அதைத் துடைத்து இறுக்கியபின் சோதிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வேலை தொடங்குமுன் எழுத்தில் எஸ்டிமேட் பெறுதல். பாகத்தின் விலை வேறு, கூலி வேறு என்று பிரித்து எழுதவேண்டும். கேளாமல் கூடுதல் வேலை செய்யலாகாது என்றும் சொல்லிவிடுங்கள். பெரிய தொகையாயின் இன்னொரு பட்டறையிலும் விசாரியுங்கள். சென்னையில் உள்ள உறவினரிடம் பாகத்தின் விலையைக் கேட்டறிதல் இக்காலத்தில் ஒரு நொடி வேலை.

நான்காவது, கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குதல். மாற்றியதாகச் சொல்லி மாற்றாமல் விடுவோர்க்கு இதுவே கடிவாளம்.

ஐந்தாவது, அச்சத்திற்கும் ஆபத்திற்கும் வேற்றுமை காணுதல். “இப்படியே ஓட்டினால் உயிருக்கு ஆபத்து” என்பது ஏமாற்றுவோர் ஏந்தும் ஆயுதம். அதற்காக பிரேக், டயர், ஸ்டியரிங் ஆகியவற்றில் அலட்சியம் வேண்டா. தேய்ந்த பிரேக் பேடைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். ஐயம் தீரும்வரை திக்லிபூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் வண்டியை இறக்காதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ரசீது இன்றிப் பணம் கொடாதீர்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இத்தீவுகளுக்கும் பொருந்தும். ரசீது தர மறுப்பதையே அச்சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. குறை நேர்ந்த 2 ஆண்டுகளுக்குள், நாம் வாழும் ஊருக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். சென்னைக் கடைக்காரர்மீது வழக்காயினும் சென்னைக்குச் செல்ல வேண்டுவதில்லை. கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிடின் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1915 என்ற எண்ணில் அழைத்தும் ஆலோசனை பெறலாம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வோம். பட்டறைக்காரர் எல்லாரையும் ஐயுறுதல் அறமாகாது. எண்ணெய்க் கறையோடு, மழையிலும் புழுக்கத்திலும் உழைக்கும் நேர்மையான மெக்கானிக் பலர் நம்மிடையே உள்ளனர். அவர்களை இனங்கண்டு, நியாயமான கூலியை முகங்கோணாமல் கொடுத்து, அண்டை வீட்டாருக்கும் அவர்கள் பெயரைச் சொல்வதே ஏமாற்றுவோரை வெல்லும் வழி.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மகளுக்கு வண்டிச் சாவியைக் கொடுக்கும் நாளிலேயே டயர் மாற்றவும், ரசீதைப் படித்துப் பார்க்கவும் கற்றுக்கொடுங்கள். “அப்பாவையோ அண்ணனையோ அழைத்து வாருங்கள்” என்று எந்தப் பட்டறையும் நம் பெண்ணிடம் சொல்லும் நிலை வேண்டா. நம் சங்கமும் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, நல்ல மெக்கானிக் ஒருவரை அழைத்து மகளிர்க்கு இவற்றைச் செய்துகாட்டச் செய்தால் அது சிறந்த தொண்டாகும்.

கடல் கடந்து வந்து குடியேறிய சமுதாயம் நாம். நம் பெண்மக்கள் சாலையிலும் அச்சமின்றிச் செல்க என வாழ்த்தி அமைகின்றோம்.